டிக்கட் வெட்டுவதற்கு முன் கையில் ஒரு திகதி

மாரடைப்பு வந்து கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டென்ட் (அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்த ஒருவர் சில நாட்களிலேயே டிக்கட் வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் ஆகி, வாட்டை விட்டுப் போகிறார். கையில் டயக்னோசிஸ் காட் (நோய் விவர அட்டை), மருந்துத் துண்டு, அடுத்த கிளினிக் திகதி. டயக்னோசிஸ் காட் ஆங்கிலத்தில் இருக்கும். குளிசை எப்படிப் போடுவது என்று சிங்களத்தில் சொல்லியிருப்பார்கள், அதுவும் பக்கத்துக் கட்டிலுக்கும் சேர்த்து இரண்டு நிமிடத்தில். கொட்டாஞ்சேனையிலிருந்தோ கிராண்ட்பாஸிலிருந்தோ வந்த தமிழ்க் குடும்பம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, வாசலில் ஆட்டோ பிடித்துவிடும். இதய மறுவாழ்வு (ரிஹாப்) என்று ஒரு சிகிச்சை இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ரிஹாப் என்றால் ஜிம் என்று நினைக்கவேண்டாம். அளந்து கொடுக்கும் உடற்பயிற்சி, மருந்தை விடாமல் போடப் பழக்குவது, சாப்பாடு, புகையை நிறுத்துவது, மனப்பயத்தைப் போக்குவது, வேலைக்குத் திரும்ப வைப்பது எல்லாம் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு வார வேலை அது. 2021இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழு 85 ஆய்வுகளை, 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளோடு தொகுத்துப் பார்த்தது. இதய நோயால் இறப்பது ஏறக்குறைய கால்வாசி குறைந்திருந்தது. திரும்ப மாரடைப்பு வருவதும் ஆஸ்பத்திரியில் திரும்ப அனுமதிப்பதும் குறைந்திருந்தன. இவ்வளவு பலன் தரும் ஒரு குளிசை இருந்தால் அதை எழுதிக் கொடுக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டோம்.

“சொன்னாலும் எங்கட ஆக்கள் வரமாட்டாங்க” என்று வாட்டில் அடிக்கடி சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கூப்பிடாதவர் வரமாட்டார் என்பதுதான் உண்மை. கனடாவின் ஒன்ராறியோவில் 11 வைத்தியசாலைகளில் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. டொக்டர் நினைத்தால் எழுதி அனுப்புவார் என்ற வழமையான முறையில் 29 வீதமானவர்களே ரிஹாபில் சேர்ந்தார்கள். எல்லோருடைய பெயரும் தானாகவே பட்டியலுக்குப் போய், அதோடு கட்டிலருகே ஒருவர் வந்து பேசியபோது 73.5 வீதமானவர்கள் சேர்ந்தார்கள். நோயாளிகளின் அக்கறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான், கூப்பிட்ட விதம்தான் வேறு. 2013இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு திகதியைப் பற்றியது. வீட்டுக்குப் போய் 10 நாளுக்குள் முதல் சந்திப்பு வைத்தவர்களில் 77 வீதம் வந்தார்கள், 35 நாள் கழித்து வைத்தவர்களில் 59 வீதம். நெஞ்சுநோவின் பயம் இருக்கும்போதே பிடித்துக்கொள்ளவேண்டும். ஒரு மாதம் போனால் “இப்ப சுகம்தானே” என்றாகிவிடும்.

அதனால் முதல் வேலை, டிக்கட் வெட்டுவதற்கு முந்தின நாள் கட்டிலருகே பத்து நிமிடம். தாதியோ பிசியோவோ யாராக இருந்தாலும் சரி, தமிழில் பேசக்கூடியவராக இருக்கவேண்டும். அப்படி ஒருவர் அந்த ஷிப்டில் இல்லையென்றால் முன்கூட்டியே பதிவு செய்த தமிழ்க் குரல் செய்தியைப் போனில் போட்டுக் காட்டலாம். துண்டுப் பிரசுரத்தைவிட இது மேல். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கஷ்டப்படும் முதியவர்களும், மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவர்களும் பிரசுரத்தை மடித்துப் பையில் வைப்பதோடு சரி. பேசும்போது வீட்டில் சமைக்கிறவர் பக்கத்தில் நிற்கவேண்டும். பார்க்க வரும் நேரத்துக்கு வைத்துக்கொண்டால் அது தானாக நடக்கும்.

கொடுக்கும் காகிதம் அரைத்தாளுக்கு மேல் வேண்டாம். திகதி, நேரம், எந்தக் கட்டடம், எந்த பஸ் தரிப்பிடத்தில் இறங்குவது, யாரைக் கேட்பது. கொண்டுவரவேண்டியவை: கிளினிக் கொப்பி, வீட்டில் இருக்கும் அத்தனை குளிசையும் ஒரு பையில், பின்பட்டி உள்ள செருப்பு அல்லது சப்பாத்து. பாட்டா செருப்போடு வேகமாக நடந்தால் கால் இடறும். நோயாளி வீட்டின் இரண்டு போன் இலக்கங்களை நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது யாருடையது, எத்தனை மணிக்கு எடுத்தால் பிடிக்கலாம் என்பதோடு. ஒரு இலக்கம் மட்டும் வாங்கினால் அது பெரும்பாலும் மகனுடையதாக இருக்கும். மகன் பகல் முழுக்க வேலையில் இருப்பான்.

கூலிக்காரரின் கணக்கு

அமெரிக்காவில் ரிஹாப் என்றால் 36 அமர்வுகள். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்கும் நாட்டாமைக்கு அது 36 அரைநாள் கூலி. அரைநாள் வேலைக்கு யாரும் எடுக்கமாட்டார்கள் என்பதால் உண்மையில் 36 முழுநாள். அவர் வராததை ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று கொப்பியில் எழுதுவது அநியாயம்.

ஆனால் அதே மனிதர் மருந்துக்காகக் கிளினிக்குக்கு எப்படியும் வருகிறார். அந்த நாளின் கூலி ஏற்கனவே போய்விட்டது. விடிய ஐந்து மணிக்கு வந்து நம்பர் எடுத்து, டொக்டரைக் கண்டு, பிறகு மருந்து வரிசையில் நின்று, மதியத்தில்தான் வீடு போவார். இடையில் சும்மா இருக்கும் இரண்டு மணித்தியாலத்தில் ரிஹாபை வைக்கலாம். வைக்கும் இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். டொக்டரைக் காண்பதற்கு முன்பு கூப்பிட்டால் யாரும் எழும்பி வரமாட்டார்கள், நம்பர் போய்விடும். டொக்டரைக் கண்ட பிறகு, மருந்துத் துண்டுகளை மொத்தமாக வாங்கி மருந்தகத்தில் கொடுத்துவிட்டு, மருந்து தயாராகும் நேரத்தில் கூப்பிட்டால் ஒருவரும் மறுக்கமாட்டார். இதற்கு மருந்தகத்தோடு முன்கூட்டியே ஒரு உடன்பாடு வேண்டும். முழுத் திட்டத்திலும் மிகக் கஷ்டமான பகுதி இதுதான் என்பேன். உடற்பயிற்சியை ஒழுங்கு செய்வது அதற்குப் பக்கத்தில் சின்ன வேலை.

இன்னொன்று, கிளினிக் நாளில் பலர் இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வருவார்கள். அவர்களில் நீரிழிவுக்கு கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் எடுப்பவர்கள் இருப்பார்கள். சிலர் சாப்பிடாமலே குளிசையைப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். இவர்களை நடக்க விட்டால் சீனி இறங்கி விழுவார்கள். நடக்க முன் கட்டாயம் கேட்கவேண்டியது “ஐயா, காலையில சாப்பிட்டீங்களா? குளிசை போட்டீங்களா?” இந்த மருந்துகள் எடுப்பவரின் சீனி 100க்குக் கீழே (டெசிலீற்றருக்கு மில்லிகிராமில்) இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனி போட்ட பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்த பிறகுதான் நடை.

ட்ரெட்மில் இல்லை என்று காத்திருக்கவேண்டாம். 30 மீற்றர் நீளமுள்ள விறாந்தை ஒன்று போதும். தரையில் 60 சென்ரிமீற்றர் டைல்ஸ் போட்டிருந்தால் 50 டைல் எண்ணுங்கள், 30 மீற்றர் வந்துவிடும். இரு முனையிலும் ஒவ்வொரு கதிரை, கையில் ஒரு ஸ்டொப்வொச். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதுதான் சோதனை. களைத்தால் நிற்கலாம், உட்காரலாம், நேரம் மட்டும் நிற்காது. கூடவே பக்கத்தில் நடக்காதீர்கள். உங்கள் வேகத்துக்கு அவர் ஓடுவார். பின்னால் நடக்கவேண்டும் அல்லது ஓரத்தில் நிற்கவேண்டும். “நல்லா நடக்கிறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு” என்று நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வதோடு சரி. ஒருவருக்கு உற்சாகம் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் விட்டால் அளவு பிழைத்துவிடும். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை பழக்கத்தாலேயே கொஞ்சம் கூட வரும். அதனால் முடிந்தால் இரண்டு முறை நடக்கவைத்துக் கூடியதை எழுதவும். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு திரும்ப அளக்கும்போது 25 மீற்றருக்கு மேல் கூடியிருந்தால்தான் முன்னேற்றம் என்று எடுக்கவேண்டும்.

யாரை வீட்டில் நடக்க விடலாம்

எல்லோரையும் வீட்டுப் பயிற்சிக்கு அனுப்பமுடியாது. எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் அளவு, அதாவது பம்ப், 40 வீதத்துக்குக் கீழ் உள்ளவர், நடந்தால் நெஞ்சு இறுகுகிறவர், துடிப்புக் கோளாறு உள்ளவர், ஒருமுறை இதயம் நின்று திரும்பியவர் எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கண்காணிப்போடு தொடங்கவேண்டும். பம்ப் நன்றாக இருந்து, அடைப்பு முழுக்கத் திறந்து, சிக்கல் ஒன்றும் இல்லாதவருக்கு வீடும் சுற்றுவட்டாரமும் போதும். வீட்டு ரிஹாபும் நிலைய ரிஹாபும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. பற்றாக்குறையான ஆஸ்பத்திரி இடத்தை முதல் வகையினருக்கு ஒதுக்கிக்கொள்வதற்கு இந்தப் பிரிப்பு உதவும்.

வீட்டில் என்று சொன்னாலும், கொழும்பில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்பு வீட்டில் இரண்டு அறை, ஆறு பேர். நடக்க இடம் இல்லை. மட்டக்குளிப் பக்கம் என்றால் காக்கைதீவுக் கடற்கரைப் பூங்கா இருக்கிறது. மாடிவீடுகளில் விறாந்தையிலேயே முன்னும் பின்னும் நடக்கலாம். காலி முகத்திடலுக்குப் போங்கள் என்று கிராண்ட்பாஸ்காரருக்குச் சொல்லி அனுப்பினால் இரண்டாம் நாளே நின்றுவிடும், பஸ் காசு யார் கொடுப்பது? கோயில் மண்டபம், தேவாலய மண்டபம், பள்ளிவாசல் முற்றம், சனசமூக நிலையம் எதுவானாலும் வாரத்தில் ஒருநாள் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கலாம். பார்க்கவேண்டியது நாலு விஷயம்: 15 மீற்றராவது நீளம், மின்விசிறி, கழிவறை, சாவி யாரிடம். அந்தச் சாவிக்காரர் ஊருக்குப் போனால் அந்தக் கிழமை வகுப்பு இல்லாமல் போகும், இரண்டாம் சாவி ஒன்று எடுத்து வைப்பது நல்லது. மண்டபத்தின் முழு முகவரியையும் பக்கத்து அடையாளத்தையும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடும் நேரத்தில் யாருக்கும் வாய் வராது. அம்புலன்ஸ் வரும் என்றால் ஒருவர் ஒழுங்கை முனையில் போய் நிற்கவேண்டும் என்பதையும் முன்பே பெயர் சொல்லித் தீர்மானித்து வையுங்கள்.

சாமான் அதிகம் இல்லை. பிரஷர் மெஷின், அதற்குப் பெரிய கைக்கான பட்டியும் சேர்த்து (சின்னப் பட்டியைப் பருத்த கையில் கட்டினால் பிரஷர் கூடக் காட்டும்). சீனி பார்க்கும் மெஷின், விரலில் மாட்டும் ஒக்ஸிமீற்றர், கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் கதிரைகள், தண்ணீர் நிரப்பிய 500 மில்லிலீற்றர் போத்தல்கள். போத்தல் ஒன்று அரைக் கிலோ, கைப்பயிற்சிக்கு அதுவே போதும். ஐந்து பேருக்கு ஒரு பயிற்சி பெற்றவர், அவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவி தெரிந்திருக்கவேண்டும். இதய அதிர்ச்சிக் கருவி கிடைத்தால் மிக நல்லது.

ஒரு அமர்வில் 15 நிமிடம் மெதுவாக உடம்பைச் சூடாக்குதல், 20 முதல் 30 நிமிடம் நடை, 10 நிமிடம் ஆற்றுதல். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை எல்லோரும் வெட்டப் பார்ப்பார்கள். வெட்டக்கூடாது. நடையைச் சட்டென்று நிறுத்தினால் இரத்தம் காலிலேயே தேங்கும். பிரஷர் குளிசையும் நெஞ்சுநோவுக்கான நைட்ரேட் மருந்தும் எடுப்பவருக்கு உடனே தலை சுற்றி விழுவது அப்போதுதான். நின்றாலும் காலை அசைத்துக்கொண்டே நிற்கவேண்டும்.

வேகத்தை அளப்பதில் ஒரு பழைய பிழை இன்னும் இருக்கிறது. 220இல் வயதைக் கழித்து நாடித்துடிப்பு இலக்கு கொடுப்பார்கள். பிசோபுரோலோல், மெட்டோபுரோலோல், அட்டனோலோல் போன்ற நாடியைக் குறைக்கும் குளிசை எடுக்கிறவரின் நாடி அவ்வளவு ஏறவே ஏறாது. அந்த இலக்கை எட்டுவதற்காக அவர் மூச்சு முட்ட நடப்பார். ஓய்வு நாடியோடு 20 முதல் 30 வரை கூட்டினால் போதும். அதைவிடச் சுலபம் பேச்சு: நடந்துகொண்டே வீட்டு விலாசத்தை ஒரே மூச்சில் முழுதாகச் சொல்ல முடியவேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. விலாசத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் கூட. நடக்கவே கூடாத நாட்களும் உண்டு: காய்ச்சல், ஓய்விலேயே பிரஷரின் மேல் எண் 180க்கு மேல், ஓய்வு நாடி 100க்கு மேல், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடி கால் வீங்கியிருந்தால். கடைசியில் சொன்னது நீர் தேங்குவதன் அடையாளம், அன்றே டொக்டரிடம் போகவேண்டும்.

கொழும்பின் புழுக்கத்தில் நடையைக் காலை ஏழு மணிக்கு முன் முடிப்பது நல்லது. முடியாவிட்டால் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள்; இதயம் பலவீனமான சிலருக்குத் தண்ணீருக்கே அளவு கொடுத்திருப்பார்கள். செவ்விளநீரும் அப்படித்தான், அதில் பொட்டாசியம் அதிகம். ஸ்பைரொனொலாக்டோன், எனலப்ரில், லொசார்டன் எடுப்பவருக்குப் பொட்டாசியம் ஏறலாம், அளவை டொக்டரிடம் கேட்கவேண்டும்.

நாக்குக்கடியில் வைக்கும் ஜீடீஎன் குளிசை (இதுவும் ஒரு நைட்ரேட்) கண்ணாடிப் போத்தலிலேயே இருக்கவேண்டும். காகித உறையிலோ சட்டைப்பையிலோ வைத்தால் வீரியம் போய்விடும். போத்தலைத் திறந்த திகதியை மேலேயே எழுதி, எட்டு வாரத்தில் மாற்றுங்கள். நெஞ்சு நோவு வந்தால் உட்கார்ந்துகொண்டு ஒன்று வைக்கவேண்டும், நின்றபடி வைத்தால் விழுவார். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 1990. “கேஸா இருக்கும்” என்று இஞ்சிப் பிளேன்டீ குடித்துக்கொண்டு காத்திருப்பதில்தான் எத்தனையோ பேருக்கு நேரம் போகிறது.

ஸ்டென்ட் வைத்தவர், அதில் இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரினையும் குளொபிடோகிரலையும் டொக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. மருந்தகத்தில் ஒரு மருந்து இல்லையென்றால் வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தருவார்கள். கையில் காசு இல்லாதவர் அதை அப்படியே விட்டுவிடுவார். விடுபட்டது வைட்டமினா குளொபிடோகிரலா என்பது அவருக்குத் தெரியாது. மாரடைப்புக்குப் பின் முதல் மாதங்களில் குளொபிடோகிரல் நின்றால் ஸ்டென்டே அடைபட்டுவிடலாம். கிளினிக் கொப்பியில் அந்த இரண்டு பெயருக்கும் சிவப்பில் கோடு போட்டு, “காசு இல்லையெண்டா முதல்ல எங்களுக்குச் சொல்லுங்க, அரசாங்க மருந்துக்கடை ஒசுசலவிலயும் கேட்டுப் பாப்போம்” என்று சொல்லி அனுப்புவது ஒரு நிமிட வேலை.

இடையில் வாரத்துக்கு ஒரு போன். வீடியோ அழைப்பெல்லாம் வேண்டாம், டேட்டா இருக்காது. ஐந்து கேள்வி: எத்தனை நாள் நடந்தீர்கள், எத்தனை நிமிடம், நோவு வந்ததா, எந்தக் குளிசை முடிந்தது, புகைத்தீர்களா. பிரச்சினை என்றால் அவர்கள் மிஸ்ட் கோல் கொடுக்கட்டும், நீங்கள் எடுங்கள். இரண்டு கிழமையாக எதிலும் மனம் போகவில்லை, சோர்வாக இருக்கிறது என்று சொன்னால் அதைத் தனியாகக் கவனிக்கவேண்டும். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு சகஜம்.

சாப்பாட்டில் தேங்காய்ப்பாலையும் கருவாட்டையும் ஒரேயடியாகத் தடை செய்தால் மற்ற எதையும் கேட்கமாட்டார்கள். உப்பிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. இதை அளக்கத் தராசு தேவையில்லை. ஐந்து பேர் வீட்டில் 400 கிராம் உப்புப் பக்கெட் குறைந்தது 16 நாள் வரவேண்டும். பாண், கருவாடு, மாசி, அச்சாறு, நூடில்ஸ் பொடி ஆகியவற்றிலும் உப்பு இருப்பதால் உண்மையில் அதைவிடக் கூட வரவேண்டும். பக்கெட் வெட்டிய நாளைச் சுவர்க் கலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். எட்டு நாளில் முடிகிறதென்றால் அதைப் பற்றிப் பேசலாம். சோறு வடிக்கும்போது போடும் உப்பை நிறுத்துவது முதல் படி, கறியின் ருசி மாறாததால் வீட்டில் சண்டை வராது.

பெண்கள் இன்னும் பின்னால் நிற்கிறார்கள். கணவனுக்கு நோய் என்றால் மனைவி பத்தியம் பார்ப்பாள். மனைவிக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் சத்திரசிகிச்சை செய்தால் பத்தாம் நாள் அவளே தேங்காய் துருவுவாள். நெஞ்செலும்பு பொருந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும். தேங்காய் துருவுவது, ஈரத்துணி பிழிவது, தண்ணீர் வாளி தூக்குவது, ஈர்க்குமாற்றால் முற்றம் கூட்டுவது எல்லாம் அந்த எலும்பை இழுக்கும் வேலைகள். ‘பாரம் தூக்காதீங்க’ என்றால் இதெல்லாம் பாரமாக அவளுக்குத் தோன்றாது, வேலையின் பெயரைச் சொல்லியே சொல்லவேண்டும், மருமகளுக்கும் மகனுக்கும் முன்னால். வகுப்புக்கு அவளைக் கூட்டிவர ஒரு ஆள் வேண்டும் என்றால் வரமாட்டாள். பெண்களுக்கு மட்டும் ஒரு நேரம் வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டி வரச் சொன்னால் நிலைமை மாறும். இந்தியாவில் 24 நிலையங்களில் 3,959 பேரோடு செய்த யோகா ரிஹாப் ஆய்வு 2020இல் வந்தது. 13 அமர்வுகள்தான். மரணமும் மறு மாரடைப்பும் குறைந்ததாக உறுதியாகக் காட்டமுடியவில்லை, ஆனால் வாழ்க்கைத் தரமும் பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் மேம்பட்டன. நடைக்கு வெட்கப்படும் பெண்கள் கதவு சாத்திய மண்டபத்தில் இதைச் செய்யத் தயங்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்றையும் நீங்களாகவே எடுக்கவேண்டும், தாம்பத்தியம். இரண்டு மாடிப் படியை நோவும் மூச்சுத்திணறலும் இல்லாமல் ஏறினால் பொதுவாகப் பயமில்லை. ஆனால் வயாகரா வகைக் குளிசையையும் நைட்ரேட்டையும் சேர்த்து எடுத்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கும், இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லவேண்டும்.

வேலைக்குத் திரும்புவதற்கு நாட்டாமைக்கு வெறும் நடைப் பயிற்சி போதாது. 50 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார், அந்தக் கணத்தில் பிரஷர் எகிறும். ஏற்றும்போது ‘ஹூ’ என்று மூச்சை விடப் பழக்கவேண்டும். இரண்டு கிலோவில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் ஐந்து, பத்து என்று மணல் பையில் ஏற்றிப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் பிரஷரும் நோவும் பார்க்கவேண்டும். பைபாஸ் செய்தவர் என்றால் பன்னிரண்டு வாரத்துக்கு முன் இதைத் தொடங்கவே கூடாது. சிலரால் பழைய பாரத்துக்குத் திரும்ப முடியாது. அவர்களுக்குக் கடை முதலாளிக்கு ஒரு கடிதம் வேண்டும்: எத்தனை கிலோ வரை, எத்தனை மாதத்துக்கு, கைவண்டி தள்ளலாமா இல்லையா. ‘இலகு வேலை கொடுக்கவும்’ என்று எழுதினால் முதலாளி அவரையே நிறுத்திவிடுவார். கிலோவை இலக்கத்தில் எழுதினால் எடை எழுதவோ வண்டி பார்க்கவோ வைத்துக்கொள்ள இடமிருக்கும்.

பதிவேட்டில் நாலு நிரல்: டிக்கட் வெட்டிய திகதி, முதல் அமர்வுத் திகதி, வந்த அமர்வுகள், வராமல் விட்ட காரணம். கடைசி நிரலில் ‘விருப்பமில்லை’ என்று எழுதுவதற்கு முன் இரண்டு நாளைக்குள் ஒருமுறை போன் எடுத்துப் பாருங்கள். பஸ் காசு, நேரம், கூட வர ஆள், எதுவோ ஒன்று இல்லாமல் இருக்கும், அடுத்த திகதியை அதற்கேற்ப மாற்றலாம்.